வலது முழங்கை

எங்கள் சட்டைக் கம்பெனி கடல் கடந்து போனதும், நடுத்தெருவில் நின்ற எங்களுக்கு வேறு தொழில் கற்றுத்தர அரசாங்கம் பணம் ஒதுக்கியது. காலியான தையல் கூடத்திலேயே கம்ப்யூட்டர்களைப் போட்டு வகுப்பு நடத்தினார்கள். கழுத்தை அறுத்த இடத்திலேயே கட்டுப் போடுகிறார்களாம்!

ஒரு நாள் வாத்தியார், எங்கள் வேலை போய்ச் சேர்ந்த நாட்டைத் திரையில் காட்டினார். புத்தம்புது மெஷினில் ஒரு பெண் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். தைக்கும்போதே வலது முழங்கையால் துணியை லேசாக இடித்தாள்.

பக்கத்திலிருந்த அண்ணி என் தொடையைக் கிள்ளினாள். "அடியே, அது உன் இடி!"

என் பழைய மெஷின் துணியை வலப்பக்கம் இழுக்கும். அதைச் சமாளிக்க நான் பழகிய இடி அது. புது மெஷினுக்கு அது எதற்கு?

வாத்தியாரிடமே கேட்டேன்.

"கடைசி மாசம் உங்க தலைக்கு மேல கேமரா வெச்சாங்கல்ல? அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவங்க கத்துக்கிட்டாங்க."

"பாவி மக, என் கோணலையும் சேர்த்துல்ல கத்துக்கிட்டா! இன்னும் அப்படித்தான் தைக்கிறாளா?"

"இப்ப தைக்கிறதில்ல. அந்தக் கம்பெனியும் வேற நாட்டுக்குப் போயிருச்சு. வேலை போன அவளுக்கும் இப்ப இதே மாதிரி வகுப்பு நடக்குது."

சிரிக்கப் போன அண்ணி பாதியில் நிறுத்தினாள். அவள் பார்வை போன பக்கம் நானும் பார்த்தேன். உத்தரத்திலிருந்த கேமராவை யாரும் கழற்றவில்லை. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வாத்தியாரும் நிமிர்ந்தார்.

கேமரா எங்கள் பக்கம் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.