மூன்று நாற்காலி அதிகம்

மௌனம் சம்மதம் என்பது கல்யாண வீட்டு நியாயம். தூதர்கள் உலகத்தில் மௌனம்தான் மறுப்பு. ஒரு நாட்டுக்குத் தூதரை அனுப்பும் முன் அவர் பெயரைச் சொல்லி அந்த நாட்டின் சம்மதத்தைக் கேட்பார்கள். பிடித்திருந்தால் பதில் வரும். பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று யாரும் சொல்லித் தொலைக்க மாட்டார்கள், சும்மா இருந்துவிடுவார்கள். வெளியுறவுத் துறையின் மூத்த அதிகாரி ஒருவரின் பெயர் இப்படி அண்டை நாட்டுக்குப் போய் ஐந்து மாதமாகியும் கிணற்றில் போட்ட கல்தான்.

அவருடைய அப்பா ஒரு காலத்தில் உள்துறை மந்திரி. அக்கா இன்றைக்கு மந்திரி. அதனால் அவர் என்ன உழைத்தாலும், "அப்பன் தைத்துக் கொடுத்த கோட்டு" என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்க ஆளிருந்தது. முப்பது வருஷம் நாடு நாடாகப் பெட்டி தூக்கி, நாலு பாஷை கற்று, யார் யாரோ போட்ட சண்டையைத் தீர்த்துவைத்தும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. ஓய்வுக்கு முன் இந்தக் கடைசிப் பதவியாவது தன் பெயருக்குக் கிடைக்க வேண்டும் என்று ஏங்கினார். ஏங்கக் கூடாதா என்ன?

அவரிடம் ஒரு கோளாறு உண்டு. அரசு விருந்துகளில் யார் எங்கே உட்காருவது என்ற வரைபடத்தை அவரே போடுவார். எந்த ஊரில் போட்டாலும் மூன்று நாற்காலி அதிகமாகிவிடும். "என்ன சார், பேய்க்கும் சேர்த்து இடம் போடுறீங்களா?" என்று உதவியாளர்கள் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சிரிப்பார். ஆனால் அந்தக் காலி நாற்காலிகளை அப்புறப்படுத்தும்வரை ஒரு வாய் உள்ளே இறங்காது. பயம்தான், அதற்கு வேறு பெயர் கிடையாது.

பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு பிற்பகல் அண்டை நாட்டுத் தூதரகத்துக்கே போனார். அங்கே தூதராக இருந்த அம்மாள் வெள்ளை முடியைக் கத்தரித்து விட்டவர். டீ வரவழைத்தார். ஆள் போனதும் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார்.

"அம்பது வருஷம் முன்னாடி எல்லைத் தகராறு பேச எங்க ஆளுங்க மூணு பேர் இங்க வந்தாங்க. உங்கப்பா வீட்டுல விருந்து. அதுக்கப்புறம் ஆளையே காணோம். அவங்க அன்னைக்கே கிளம்பிப் போயிட்டாங்கன்னு உங்கப்பா சொல்லிட்டார். அதுல ஒருத்தன் என் அண்ணன். வருஷா வருஷம் கேட்டோம். நீங்க பதிலே சொல்லலை. இப்ப நாங்க சொல்லலை, அவ்வளவுதான்."

விசாரித்துச் சொல்கிறேன் என்ற வாக்கியம் அவர் நாக்கில் தயாராக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வாக்கியம். அப்பாவிடம் கற்றது. ஆனால் அன்றைக்கு வாயில் வந்தது வேறு.

"அப்பாவுக்குக் கடைசி காலத்துல புத்தி தடுமாறிடுச்சு மேடம். வீட்டுக்குப் பின்னால பூப்பந்து ஆடன்னு சிமெண்ட் போட்ட இடம் ஒண்ணு இருக்கு. தினம் சாயங்காலம் அங்க மூணு டீ கொண்டு வைக்கச் சொல்வார். விருந்தாளிங்க எவ்வளவு நேரம் காத்திருப்பாங்கன்னு சத்தம் போடுவார். அங்க யாரும் ஆடினதே இல்லை. சின்னப் பையனா நான் ஒரு தடவை மட்டையோட போனேன், அறைஞ்சுட்டார். அதுக்கு முன்னாடி என் மேல கை வச்சதே கிடையாது."

அந்த அம்மாள் டீக்கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"என் அண்ணன் டீயில சர்க்கரை போட்டுக்க மாட்டான்," என்றார்.

"ஆமா," என்றார் அவர். "ஒண்ணுல மட்டும் சர்க்கரை கூடாதும்பார்."

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "பதவிதான் வேணும்னா நாளைக்கே சம்மதம் வந்துடும். எனக்கு அவனை எடுத்துக் குடுத்துடுங்க."

சிமெண்டில் கடப்பாரை விழுந்தால் அவருடைய பதவியும் அக்காவின் மந்திரி வேலையும் சேர்ந்தே மண்ணைக் கவ்வும். இது தெரியாத அளவுக்கு அவர் அப்பாவி இல்லை. அப்பாவின் பெயரைத் தாங்கிய தெருக்களை நினைத்தார், அந்த வீட்டிலேயே படுத்துக் கிடக்கும் அம்மாவை நினைத்தார். அக்காவை நினைத்தபோதுதான் நெஞ்சு வலித்தது. இருந்தும் "எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிவிட்டார். முப்பது வருஷத்தில் மேலிடத்தைக் கேட்காமல் அவர் கொடுத்த ஒரே வாக்கு அதுதான்.

காரில் ஏறியதும் அக்காவுக்குப் போன் செய்தார்.

"என்னடா, சம்மதம் வந்துச்சா?"

"அது இனிமே வேண்டாம்க்கா. நம்ம வீட்டுப் பின்பக்கத்துச் சிமெண்டை உடைக்கணும்."

உனக்கென்ன பைத்தியமா என்று கத்துவாள், எதற்கு என்றாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தார். அக்கா எதையும் கேட்கவில்லை.

"அம்மா கண்ணை மூடுற வரைக்குமாவது பொறுக்கக் கூடாதாடா?" என்றாள். "அன்னைக்கு அந்த மூணு பேர் டீயிலயும் அதைக் கலந்து குடுத்தது அம்மாதாண்டா."