அடுத்த மாசம் வந்துடும்

தட்டச்சு மெஷின் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில், அவளுடைய அக்கா கணவர் தம் முதல் கம்ப்யூட்டரைச் செய்து முடித்தார். வீட்டு டிவியில்தான் அதை மாட்டிக் காட்டினார். திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் மினுக்கியது.

"இதுக்கா ஆறு மாசமா என் டிவியைப் பிடுங்கி வச்சிருந்தீங்க?" என்றாள் அக்கா.

பக்கத்தில் நின்ற தங்கை அவள், ஒரு விசையை அழுத்தினாள். எழுத்து வந்தது. அவளுக்குப் புல்லரித்துவிட்டது.

அந்தப் பெட்டி சக்கைப்போடு போட்டது. அதை விற்க அத்தான் தொடங்கிய கம்பெனி இரண்டே வருஷத்தில் மூன்று மாடிக் கட்டடத்துக்குக் குடிபோயிற்று. வாங்கியவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல அத்தான் அவளைப் போனருகே உட்கார வைத்தார். பள்ளி வாத்தியார், பல் டாக்டர், கணவருக்குத் தெரியாமல் கற்றுக்கொண்ட பெண்கள் என்று முகம் தெரியாத அத்தனை பேருக்கும் அவள் 'போனம்மா' ஆனாள். "ஒயரைச் சரியா சொருகினீங்களா?" என்று கேட்டுக் கேட்டே தொண்டை கட்டிப்போகும். ஆனாலும் மறுமுனையில் யாராவது "ஐயோ, வந்துடுச்சும்மா!" என்று கத்தும்போது, பெற்ற பிள்ளை முதல் அடி வைத்ததுபோல் இருக்கும்.

பிறகு ஒரு கண்காட்சியில் அத்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். நாலு மடங்கு வேகமான பெட்டி அடுத்த மாதமே வருகிறது என்று அறிவித்துவிட்டார். அது அப்போது காகிதத்தில்கூட முடிந்திருக்கவில்லை. பழையதை வாங்க இருந்தவர்களெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு புதியதற்குக் காத்திருந்தார்கள்.

"எப்பம்மா வரும்?"

"அடுத்த மாசம் வந்துடும்."

பதினோரு மாதம் இதையே சொன்னாள்.

"அத்தான், பொய் சொல்லிச் சொல்லி வாய் கூசுது."

"வேற என்னம்மா சொல்றது?" என்றவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து, "எப்ப வரும்னு எனக்கே தெரியலீங்க," என்று உள்ளதைச் சொன்னாள். அத்தான் காதிலும் அது விழுந்தது, தடுக்கவில்லை. போன் மெல்ல அடங்கிற்று. ஒருவழியாகப் புதிய பெட்டி வந்தபோது, கடைகளை வேறு கம்பெனிக்காரர்கள் நிறைத்திருந்தார்கள்.

கட்டடத்தைக் காலி செய்த அன்று, ஆட்கள் மேசைகளை இறக்கிக்கொண்டிருக்கையில் மணி அடித்தது. ஓர் அச்சகக்காரர், பெட்டியில் அடித்த கடிதத்தை அழியாமல் டேப் கேசட்டில் பதிந்து வைக்கத் தெரியவில்லையாம். நாற்காலி ஏற்கெனவே போய்விட்டதால் தரையில் உட்கார்ந்து, அரை மணி நேரம் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"கம்பெனி மூடியாச்சுன்னு சொல்லலியா?" என்றார் வாசலில் நின்றிருந்த அத்தான்.

"அதை அவர் கேக்கலியே அத்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கிற்று.

அத்தான் டிவி பழுதுபார்க்கப் போனார். அவள் ஓர் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் சேர்ந்தாள். இன்றும் இருவரும் சந்தித்தால், அந்த மாடி அறையின் புழுக்கம், ஒயர்களைப் பற்றவைக்கும்போது ஈயம் உருகும் வாசனை என்று பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

"ஆரம்பிச்சாச்சா ரெண்டு பேரும்?" என்று அக்கா எழுந்து போய்விடுவாள்.