நாலு மணிக்குள் போக வேண்டிய ஃபைல்

முரளி புனே ஹிஞ்சவடியில் நெட்வொர்க் எஞ்சினியர். சிங்கப்பூரில் ஒரு இணைப்பு அறுந்தால் இங்கே இவர் கைப்பேசி அலறும். அப்பேர்ப்பட்டவர் பக்கத்து வாகட் பகுதியில் குடியிருந்த ஃபிளாட்டில்தான் ஒரு வாரமாக வைஃபை வருவதும் போவதுமாக இருந்தது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பது பொய்யில்லை.

வைஃபை போனால் முரளிக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது. அவர் மனைவி கிரிஜாவுக்குத்தான் வேலையே போய்விடும். கல்யாணத்துக்கு முன்பு கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்டாக இருந்தவள். எட்டு வருஷம் அடுப்படியும் பிள்ளையின் வீட்டுப்பாடமுமாக ஓடிய பிறகு இப்போதுதான் வீட்டிலிருந்தே பார்க்கும் ஒரு வேலை கிடைத்திருந்தது. அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்து, சொன்ன நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்று வாரம் சோதனை, தேறினால் நிரந்தரம்.

முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. விஜயதசமி கழிந்த மறுநாள் பிடித்தது சனியன். பாதி ஃபைல் போய்க்கொண்டிருக்கும்போதே நெட் அறுந்துவிடும். இரண்டு ஃபைல்கள் தாமதமாகப் போயின. மேலதிகாரி ராஜஸ்ரீ நல்ல பெண்தான். "கிரிஜாஜி, இன்னொரு தடவை லேட்டானால் என்னால் எதுவும் செய்ய முடியாது" என்று இந்தியில் வருத்தமாகவே சொன்னாள். சோதனையின் கடைசி ஃபைல் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் போக வேண்டும்.

முரளி சும்மா இருக்கவில்லை. ரவுட்டரை டிவி மேலிருந்து ஃபிரிட்ஜ் மேலும், ஃபிரிட்ஜிலிருந்து பரண் மேலும் ஏற்றினார். பக்கத்து வீட்டு மைக்ரோவேவைச் சந்தேகப்பட்டார். சுவரைத் திட்டினார். நெட் கம்பியை நேராகச் செருகிப் பார்க்கலாமென்றால், கிரிஜாவுடையது பழைய லேப்டாப், அந்தத் துளை செத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், லேப்டாப்பை அவர் மேஜை மேல் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் நெட் சமர்த்தாக ஓடும். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்குகிற மாதிரி.

"நல்லாத்தானே ஓடுது அம்மிணி? நீ எதையாச்சும் அமுக்கிப்போட்டிருப்பே."

"நான் ஒண்ணும் அமுக்கலீங்க" என்றாள் கிரிஜா. சொல்லிவிட்டாளே தவிர, உள்ளூர அவளுக்கும் சந்தேகம்தான். எட்டு வருஷம் சும்மா இருந்தவளை இந்த யந்திரத்துக்குக்கூடப் பிடிக்கவில்லையோ என்று தோன்றியது. அன்றைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை. மூன்றரைக்கு ஃபைல் முடிந்தது. வழக்கம்போலக் கட்டிலில் சாய்ந்து, மடியில் தலையணை, அதன்மேல் லேப்டாப். அனுப்பினாள். பாதியில் நின்றது. மறுபடி அனுப்பினாள். மறுபடி நின்றது. முரளிக்குப் போன் போட்டாள். மீட்டிங்கில் இருந்தார் போலும், எடுக்கவில்லை. இன்னும் இருபது நிமிஷம்.

அவருக்கு மட்டும் எப்படி ஓடுகிறது? அவர் மேஜையில் வைக்கிறார், நான் மடியில் வைக்கிறேன். வேறென்ன வித்தியாசம்? லேப்டாப்பை மெல்ல ஆட்டிப் பார்த்தாள். முன்விளிம்பில் இருந்த சின்ன நீல வைஃபை விளக்கு அணைந்தது. இன்னொரு முறை ஆட்டினாள். எரிந்தது. விளக்குக்குப் பக்கத்தில் ஆயுத பூஜையன்று முரளி வைத்த சந்தனம் காய்ந்து பொருக்காக நின்றது.

அன்றைக்கு மிக்ஸிக்கும் ஸ்கூட்டருக்கும் ஒப்புக்கு ஒரு தீற்றல் வைத்தவர், லேப்டாப்புக்கு வந்ததும் கிண்ணத்தில் மிச்சமிருந்ததையெல்லாம் வழித்து அப்பினார். "இது உன்ற ஆயுதமாச்சே!" என்று சொல்லி, அதன் மேல் குங்குமமும் வைத்து, ஒரு செண்டுமல்லியையும் செருகினார். பூஜைச் சந்தனம், தானாக உதிரட்டும் என்று இவளும் துடைக்கவில்லை. ரவுட்டரைப் பரண் வரைக்கும் ஏற்றிய எஞ்சினியரும் அதன்மேல் கை வைக்கவில்லை.

தாலிச் சங்கிலியில் தொங்கிய ஊக்கைக் கழற்றிச் சந்தனத்தைச் சுரண்டினாள். அடியில் தள்ளு சுவிட்ச் ஒன்று இருந்தது. வைஃபையை அணைக்கவும் போடவும் உள்ள சுவிட்ச். இடுக்கில் சந்தனம் இறுகியதால் இங்கேயும் போகாமல் அங்கேயும் போகாமல் நடுவில் நின்று தொலைத்திருக்கிறது. முழுக்கச் சுரண்டி, நகத்தால் தள்ளினாள். டக்கென்று உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தாள், விளக்கு அசையவில்லை.

மூன்று ஐம்பத்தைந்துக்கு ஃபைல் போய்ச் சேர்ந்தது. ஐந்து மணிக்கு ராஜஸ்ரீ கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து நிரந்தரம் என்றாள். கிரிஜா நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டு, நடு ஹாலில் தனியாக நின்று சிரித்தாள்.

ஏழு மணிக்கு முரளி புது ரவுட்டர் ஒன்றைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்க வந்தார். "போனை இப்பத்தான் பார்த்தேன். ஃபைல் போச்சா?" என்றார், செருப்பைக் கூடக் கழற்றாமல்.

"போயிருச்சுங்க. வேலையும் கெடைச்சிருச்சு." காகிதத்தில் மடித்து வைத்திருந்த சந்தனப் பொருக்கைப் பிரித்துக் காட்டி, நடந்ததைச் சொன்னாள்.

முரளி அதைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "நானே வெச்சு, நானே உன்னைக் கெடுக்கப் பார்த்திருக்கறனே அம்மிணி."

அவர்மேல் கோபம் இருந்தது. ஆனால் கிண்ணத்தை வழித்து வழித்து அப்பிய அந்த ஆசை முகமும் நினைவில் வந்து நின்றது. என்ன செய்வாள்?

"ரவுட்டரைத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க" என்றாள். "அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்குப் பொட்டு நான் வெச்சுக்கறேன். நீங்க சுண்டல் மட்டும் சாப்பிட்டாப் போதும்."