இடது பக்கத்துக் கார்புரேட்டர்

கலைச்செல்வனுக்கு இடது காது கேட்காது. இது உத்திரமேரூரில் ஒருத்தருக்கும் தெரியாது. கூடக் குடித்தனம் நடத்துகிற இளமதிக்கும் தெரியாது. சித்திரையில் ஒரு காய்ச்சல் வந்தது, போகிறபோது காதையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. மெக்கானிக்குக் காது அவுட் என்று வெளியே தெரிந்தால் எவன் வண்டியை விடுவான்? அதிலும் இவன், இன்ஜின் மேல் ஸ்குரூ டிரைவரை நட்டு அதன் பிடியில் காதை ஒட்டியே கோளாறு சொல்கிறவன் என்று பேர் வாங்கியவன். ஆறு மாதமாக ஒற்றைக் காதை வைத்தே ஊரை ஏய்த்துக்கொண்டிருந்தான். கெட்டிக்காரன்தான், போங்கள்.

ஏய்க்க முடியாத வண்டி ஒன்று அன்று காலையில் பட்டறைக்கு வந்தது. கொண்டு வந்தவன் இளமதியின் தம்பி மணிகண்டன். அவன் பிறப்பதற்கு முன்னாலேயே ரோட்டில் ஓடிய வண்டி அது; வாலாஜாபாத்தில் யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தான். இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், பின்னால் ஆளுக்கொரு சைலன்சர். இரண்டு பக்கமும் ஒரே அளவு பெட்ரோல் குடித்தால்தான் அது வண்டி. ஒன்று கூடி ஒன்று குறைந்தால் வில்லங்கம்.

மணிகண்டன் வந்தது வண்டிக்காக மட்டுமில்லை. அக்காவைத் தென்னேரிக்கு, அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போக வந்திருந்தான். இளமதி மூன்று நாளாகப் புருஷனோடு பேசவில்லை. என்ன கோபம் என்று கேட்டால், "ஒன்னும் இல்ல" என்றாள். பெண்பிள்ளை ஒன்றும் இல்லை என்றால் அதற்கு மேல் கேட்க வேண்டாமா? இவன் கேட்கவில்லை. துணிப்பையைக் கட்டி வைத்துவிட்டு, தம்பியிடம் இவன் காதுபடவே சொன்னாள்:

"போன தபா மாதிரி ஜொரம்னு ஆள் அனுப்புவாரு, போன் போடுவாரு. எதுக்கும் நிக்காத. நேரா வூட்டுக்குப் போயிடணும்."

போன தடவை ஜுரம் என்று பொய் சொல்லி அனுப்பியது உண்மைதான். அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தவள், இவன் பரோட்டா தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தாள்.

வண்டியை ஸ்டாண்டு போட்டு, கிளப்பி, இரண்டு சைலன்சருக்கும் நடுவில் குந்தினான். ஒரு பக்கம் சுத்தமாக அடித்தது. ஒரு பக்கம் தண்ணீர் புரையேறினது போலக் கமறியது. அந்தப் பக்கம் பெட்ரோல் கூடுதல். சரி, எந்தப் பக்கம்? இரண்டு காதுள்ளவனுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. ஒற்றைக் காதுக்கு எல்லாச் சத்தமும் ஒரே திசையிலிருந்துதான் வரும். ப்ளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஆனால் அது கற்றுக்குட்டி பண்ணுகிற வேலை, மச்சினன் வேறு தலைமாட்டில் நிற்கிறான்.

"இன்னா மாமா, எந்தப் பக்கம்?"

"லெஃப்டு" என்றான் கலைச்செல்வன், கண்ணால் பார்த்தவன் மாதிரி.

இடது கார்புரேட்டரைத் திறந்து, பெட்ரோலை அளந்து விடுகிற ஊசியை ஒரு படி இறக்கினான். கமறல் போகவில்லை. இன்னொரு படி இறக்கினான். மணிகண்டன் ஏரிக்கரை வரைக்கும் ஒரு ஓட்டம் விட்டுத் திரும்பி வந்தான்.

"ஒரு ஓரமா லேசா கமறுது. ஆனா பறக்குது மாமா!"

"ஓட ஓட அதுவே சரியாப்பூடும்."

புதுசாக இரண்டு ப்ளக்கை மாட்டிக் கொடுத்தான். இளமதி ஏறி உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

வண்டி கண்ணுக்கு மறைந்ததும், பார்க்காமலே கழற்றிப் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டிருந்த பழைய ப்ளக் இரண்டையும் துடைக்க எடுத்தான். வலது பக்கத்து ப்ளக் எண்ணெய்ப் பிசுக்கோடு கருகருவென்று இருந்தது. இடது பக்கத்து ப்ளக் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது.

பெட்ரோல் கூடினால் ப்ளக் கருக்கும், குறைந்தால் வெளுக்கும். கமறியது வலது. இவன் கை வைத்ததோ, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இடதில். பெட்ரோல் குறைந்தால் வண்டி முதலில் பறக்கத்தான் செய்யும், பாவி வண்டி. பத்துப் பன்னிரண்டு மைல் முறுக்கிக்கொண்டு போனால் உள்ளே சூடேறிப் பிஸ்டன் கவ்விக்கொள்ளும். கவ்வினால் பின்சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். மணிகண்டன் எண்பதுக்குக் குறைந்து ஓட்டுகிறவன் இல்லை. பின்னால் இளமதி, ஒரு கையில் துணிப்பை, ஒரு கையில் தம்பியின் தோள்.

பட்டறையில் இருந்தது ஒரு மொபெட். அதில் துரத்தினால் சாயங்காலம்தான் போய்ச் சேரலாம். எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான். தென்னேரி போகிற வழியில், காவாந்தண்டலத்தில் ரோட்டோரம் சைக்கிள் கடை வைத்திருக்கிற சேட்டுவிடம் போன் உண்டு. பூத்துக்காரி தாயாரம்மாள் நம்பரைப் போட்டாள். மணி அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. ஆண்டவா, எடுக்கச் சொல்லு, எடுக்கச் சொல்லு என்று கலைச்செல்வன் வாய்விட்டே சொன்னான். கடைசியில் எடுத்தான் சேட்டு.

"சேட்டு, எம் மச்சினன் வண்டி வரும். ரெட்ட சைலன்சர், செவப்பு டேங்க். நிறுத்து!"

"இன்னாத்துக்கு?"

"டியூனிங் தப்பாப் பூட்ச்சி. இன்ஜின் கவ்விக்கும்."

சேட்டு சிரித்தான். "நீ பண்ண டியூனிங்கா? எவன் நம்புவான்? பொண்டாட்டி கோச்சிக்கினு போவுதா? போன தபாவும் இதே டிராமாதானே!"

"சேட்டு, கால்ல வுளுறேன்டா…"

"நான் கை காட்டினாலும் அது நிக்காது கலை. இன்னான்னு சொல்லி நிறுத்தறது?"

பூத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தன், பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் பட்டறை வைத்திருக்கிற முத்துவேல். இவன் எப்போது படுப்பான், அவன் வாடிக்கையை அள்ளலாம் என்று காத்திருக்கிறவன். கலைச்செல்வன் அவனைப் பார்த்தான். அப்புறம் கத்தினான்.

"எனக்கு எடது காது கேக்காதுடா! ஆறு மாசமா கேக்கல! எந்தப் பக்கம்னு தெரியாம மாத்தி வச்சிட்டேன். என் காது போயிட்ச்சின்னு அவகிட்ட சொல்லு. குறுக்க வுளுந்தாவது நிறுத்து!"

தாயாரம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். சேட்டு ரிசீவரை மேஜைமேல் போட்ட சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு ஒன்றுமே இல்லை. பூத்து மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வலது காதில் ரிசீவரை வைத்து அழுத்தியதில் காது வலித்தது. ஒரு லாரி போனது அங்கே. ஒரு நாய் குரைத்தது. தூரத்தில் அந்த வண்டிச் சத்தம், அவனுக்குத் தெரியாதா, கிட்டே வந்தது. சட்டென்று நின்றது. நின்றதா, விழுந்ததா? அவனால் சொல்ல முடியவில்லை. "இளமதி! இளமதி!" என்று போனுக்குள் கத்தினான். முத்துவேல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான்.

யாரோ ரிசீவரை எடுத்தார்கள். மூச்சு வாங்கியது.

"எந்தக் காதுய்யா?" என்றாள் இளமதி.

"எடது. அடி ஒன்னும் படலியே?"

"சேட்டு அண்ணன் சைக்கிளத் தூக்கி நடுரோட்டுல போட்டுட்டாரு. நல்லாத்தான் கீறோம்." பிறகு அவளே சொன்னாள்: "நான் படுக்கறது உன் எடது பக்கம்."

"ஆமா."

"ஞாயித்துக்கெழம ராத்திரி உன் காதோரமா மெதுவா ஒன்னு கேட்டேன். நான் ஒனக்கு வேணாம்னா சொல்லிடு, எங்கம்மா வூட்டுக்குப் போயிடறேன்னு கேட்டேன். நீ ஒரு வார்த்த பேசல."

கலைச்செல்வன் சுவரில் சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டான்.

"இப்ப கேளு" என்றான். "இந்தக் காதுல கேளு."

அந்தப் பக்கம் அவள் விசும்புவது அவனுக்கு நன்றாகக் கேட்டது.