முன்சீட்டில் சாய்ந்து வந்த ஆள்

அன்று அந்தக் காரில் இருந்தவர்கள் நான்கு பேர். ஓட்டியவள் வானதி, சாரங்கபாணியின் ஒரே மருமகள். வண்டியும் அவள் பெயரில்தான் இருந்தது. பக்கத்தில் முன்சீட்டில் சாரங்கபாணி. பின்னால் அவர் மனைவி சாவித்திரி, மடியில் வளையல் தட்டோடு. அவளுக்கு அடுத்து அவள் தம்பி ரெத்தினம். ஐந்தாவதாக ஒருவன் அந்த வண்டியில் தடம் விட்டுப் போயிருக்கிறான் என்று சாரங்கபாணிக்கு ஐயம். அவனைத் தேடித்தான் வழக்கமான பின்சீட்டை விட்டு முன்னால் ஏறியிருந்தார்.

முந்தின நாள் ரெத்தினம் வந்து சொன்னது இதுதான்: வியாழக்கிழமை குத்தாலம் ரயில்வே கேட்டில் நிற்கும்போது பக்கத்தில் வானதியின் கார். முன்சீட்டில் வேட்டி கட்டிய ஆள் ஒருவன், சீட்டை முழுக்கச் சாய்த்துப் படுத்திருந்தான். முகம் தெரியவில்லை. "கண்ணாடி கறுப்பு அத்தான். ஆனா முன்கண்ணாடி வழியா வேட்டி நல்லாத் தெரிஞ்சுது. பச்சைக் கரை."

மகன் ராஜராஜன் சிங்கப்பூர் போய் இரண்டு வருடம். இன்று குத்தாலத்தில் தங்கை ஜெயபாரதியின் மகள் மதிவதனிக்கு வளைகாப்பு. உறவு மொத்தமும் ஒரே மண்டபத்தில் கூடும். பேச்சு உண்மையென்றால் சாயங்காலமே கார் சாவியை வாங்கிக்கொண்டு வானதியைத் திருவையாற்றில் அவள் அப்பா வீட்டில் விட்டுவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். ஆனால் கேள்விப்பட்டதை வைத்து ஒரு பெண்ணைக் கேட்கிற வழக்கம் அவரிடம் இல்லை. வரப்பில் பதிந்த காலடியைப் பார்த்தே மடையை வெட்டிவிட்டவன் யாரென்று சொல்லக்கூடியவர் அவர்.

முதல் தடயம் உட்கார்ந்ததுமே கிடைத்தது. முதுகு சாயவில்லை. சீட்டு பின்னுக்குத் தள்ளி, கட்டில் மாதிரி சாய்ந்து கிடந்தது. தலை வைக்கிற திண்டு மேலே இழுத்துவிடப்பட்டிருந்தது. உயரமானவன். திண்டின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கறை. சாரங்கபாணி விரலால் தொட்டுப் பார்த்தார். தலைக்குச் சாயம் பூசுகிறவன். அப்படியானால் வயதும் ஆனவன்.

வண்டி கிளம்பியதும் டிங் டிங் என்று கத்தியது.

"பெல்ட் போடுங்க மாமா. ஆளு உக்காந்தா அதுக்குத் தெரிஞ்சிடும். போடுற வரைக்கும் கத்தும்."

முன்னால் இருந்த அகலமான திரையில் குட்டி மனிதர் ஒருவர் சிவப்பாக நின்றார். பெல்ட்டைப் போட்டதும் பச்சையானார். சாட்சி சொல்லும் வண்டிதான் என்று நினைத்துக்கொண்டார் சாரங்கபாணி.

பின்னாலிருந்து ரெத்தினம் இழுத்தார். "வியாழக்கிழமையும் கத்திச்சாம்மா?"

"கத்திச்சு சித்தப்பா. பெல்ட்டைப் போட்டுவிட்டேன், நின்னுடுச்சு."

போட்டுக்கொண்டேன் என்று சொல்லவில்லை, போட்டுவிட்டேன் என்றாள். சாவித்திரியின் மடியில் வளையல்கள் குலுங்கின.

அதற்குப் பிறகு அந்த வண்டியில் எதைப் பார்த்தாலும் சாரங்கபாணிக்கு வேறு அர்த்தம் தெரிந்தது. கதவோரம் கொலுப்படி மாதிரி நீல விளக்கு. அது யாருக்கு? சீட்டைச் சுற்றிச் சிவப்பு நூல் தையல். கூரையில் ஒரு கண்ணாடி ஜன்னல். கால்மாட்டில் ஒரு பெட்டி. திறந்தால் சில்லென்று காற்று வந்தது, உள்ளே ஒரு மோர் பாட்டில்.

"இது எதுக்கு?"

"குடிக்கிறது சூடாகாம இருக்க மாமா."

"யாரு குடிக்க?"

"நான்தான்."

"வண்டி சின்னதா இருந்தாலும் டர்போ அத்தான்," என்றார் ரெத்தினம். "மிதிச்சா பறக்கும். யாரும் பின்னால போய்ப் பிடிக்க முடியாது."

"கேட்டில நின்னா யாரும் பிடிக்கலாம் சித்தப்பா," என்றாள் வானதி. ரெத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே நட்டு இருபது நாளான குறுவை வாடிக் கிடந்தது. ஆற்றில் தண்ணீர் விட்டும் வாய்க்காலுக்கு இன்னும் எட்டவில்லை. வானதியின் கண் அடிக்கடி வயல் பக்கம் போய் வந்தது.

குத்தாலம் எல்லையில் திரை பளிச்சென்றது. சித்தீக், குத்தாலம் என்று பெயர் ஓடியது. வானதியின் கை ஸ்டீரிங்கில் இருந்த பொத்தானால் அழைப்பைத் துண்டிக்கப் போனது.

"எடு," என்றார் சாரங்கபாணி. "நாங்களும் கேக்குறோம்."

அவள் அழுத்தினாள். நான்கு கதவிலிருந்தும் ஒரே குரல் வந்தது.

"அக்கா, நம்ம ஆளு பொழச்சிட்டாரு. உள்ள மொத்தமா எரிஞ்சு கெடந்தாரு, தேத்திட்டேன். இப்ப என்னமா உறுமுறாரு தெரியுமா. வேட்டியைக்கூட அலசிக் காயப்போட்டிருக்கேன். சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போயிடுங்க."

"அண்ணே, வண்டியில பெரியவங்க இருக்காங்க."

"ஐயையோ, அப்ப நான் பேசவே இல்ல." குரல் அறுந்தது.

"மண்டபத்துக்கு அப்புறம் போகலாம்," என்றார் சாரங்கபாணி. "அந்த ஆளு இருக்கிற இடத்துக்கு வண்டியை விடு."

வானதி ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு இடது பக்கம் ஒடித்தாள்.

அது எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை. சித்தீக் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார். சாரங்கபாணி கும்பிடவில்லை. "ஆளு எங்க?"

சித்தீக் வானதியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். மேசைமேல் கிடந்த நீளமான இரும்பு உருளையை அவர் தட்டினார். "இவருதாங்க. போர்க்குழாயில இறக்குற தண்ணி மோட்டார்."

கொடியில் பச்சைக் கரை வேட்டி ஆடிக்கொண்டிருந்தது.

"சீட்டுல கிரீஸ் ஒட்டக்கூடாதுன்னு சுத்திக் கொண்டாந்தேன் மாமா. அப்படியும் திண்டுல பட்டிருச்சு. டிக்கியில அடங்கல, முன்சீட்டைச் சாய்ச்சுப் படுக்க வெச்சேன். கனத்துக்கு ஆளுன்னு நினைச்சு வண்டி கத்திச்சு. பெல்ட் போட்டேன்."

"அது உங்க பழைய வேட்டிதான்," என்றாள் சாவித்திரி மெதுவாக. "துடைக்க ஆகட்டும்னு நான்தான் குடுத்தேன்."

ரெத்தினம் பார்த்த ஆள் கட்டியிருந்தது சாரங்கபாணியின் வேட்டி. நேற்றிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. இறங்கிய கையோடு இன்னொன்று ஏறியது.

"நம்ம மோட்டார் நேத்துகூட ஓடிச்சே."

வானதி நிமிர்ந்தாள். "இது நம்ம கொல்லையோடது இல்ல மாமா. நன்னிலத்துல ஹபீபுன்னிசா அம்மாவோட ஆறு மா. ரெண்டு ஏக்கர். குத்தகைக்கு எடுத்து நட்டிருக்கேன். அறுத்ததும் உங்க மகனே உங்ககிட்ட சொல்றேன்னார்."

நான்கு தலைமுறையாக அந்த வீடு குத்தகைக்கு விட்ட வீடு. எடுத்த வீடு அல்ல. குத்தகைக்காரர் வந்தால் நின்றுதான் பேசுவார். சாரங்கபாணி உட்கார்ந்துதான் கேட்பார்.

"நமக்கு நிலம் இல்லையா?"

"இருக்கு, முப்பது வருஷமா அடுத்தவங்க கையில. எனக்குன்னு நட ஒரு குழி நிலம் இல்ல."

ரெத்தினம் குரலைத் தாழ்த்தினார். "அத்தான், குத்தகை விஷயம் வெளியில போனா நமக்குத்தான் இறக்கம். நான் பாத்தது வேற வண்டின்னு சொல்லிடறேன்."

"யார்கிட்ட சொல்லிடப் போற?"

ரெத்தினம் வேட்டியைப் பார்த்தார். "ஜெயபாரதிகிட்ட. வியாழக்கிழமையே வாய்தவறி..."

அவர் முடிக்கட்டும் என்று சாரங்கபாணி காத்திருக்கவில்லை. "மோட்டாரை ஏத்துங்க," என்றார் சித்தீக்கிடம். "நான் பின்னால உக்காந்துக்கிறேன்." பின்சீட்டில் மூவரும் நெருக்கி உட்கார, மோட்டார் வேட்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. வண்டி கத்தியது. வானதி பெல்ட் போட்டாள்.

மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. சாம்பார் ஊற்ற வந்த ஜெயபாரதி அண்ணன் இலைக்கு எதிரே நின்றாள். குரலைக் குறைத்துப் பேசும் பழக்கம் அவளுக்கு என்றுமே கிடையாது.

"ஏண்ணே, ரெத்தினம் இப்ப வந்து அது வேற வண்டிங்கிறாரு. அன்னிக்கு நம்பர் முதக்கொண்டு சொன்னாரே. வானதி வண்டியில வந்த ஆளு யாரு?"

இரண்டு பக்கமும் இலையில் கைகள் நின்றன. எதிர் வரிசையில் வானதி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள்; தலையைத் தூக்கவில்லை. வேற வண்டி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர் சாப்பிடலாம். யாரும் நம்பமாட்டார்கள், வாழ்நாள் முழுக்க அவளைத்தான் பார்ப்பார்கள்.

"ஆளு இல்ல," என்றார் சாரங்கபாணி, பந்தி முழுக்கக் கேட்கும்படி. "தண்ணி மோட்டார். சுத்தியிருந்தது என் வேட்டி. வாசல்ல வண்டியில கெடக்கு, போய்ப் பாத்துக்க. நன்னிலத்து ஆறு மாவுக்குப் போகுது."

"நன்னிலத்துல நமக்கு ஏதுண்ணே நிலம்? யாருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கீங்க?"

"விடல," என்றார் அவர். "எடுத்திருக்கோம்."