முதல் நடைச் சுருள்

என் நாத்தனார் சின்ன வீட்டுக்குக் குடி மாறியபோது, அவள் கணவர் விட்டுப்போன பழைய ப்ரொஜெக்டரைக் கொண்டுவந்து என் வீட்டில் இறக்கினாள். கூடவே ஒரே ஒரு பிலிம் சுருள். அங்கே இடம் போதவில்லையாம். என் தலையில் கட்ட வேறு ஒன்றும் கிடைக்கவில்லை அவளுக்கு.

"அம்மா, நான் மொதமொதல்ல நடந்தது இதுல இருக்காம்!" என்று என் மகள் குதித்தாள். வேலைக்குப் போகிற பெண், குழந்தை மாதிரி குதிக்கிறாள். "நீதானே மெக்கானிக்? சரி பண்ணிக் குடும்மா."

ஆமாம், நான் மெக்கானிக்தான். துணி தைக்கும் கம்பெனியில் எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அந்தச் சுருளில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நுரையீரல் நோயோடு நான் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் என் கைக்குழந்தையை நாத்தனார்தான் வளர்த்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. என் மகள் முதலில் நடந்தது அவளிடம், முதலில் அம்மா என்று கூப்பிட்டதும் அவளைத்தான். வந்தவர் போனவரிடமெல்லாம் அவள் இதைச் சொல்லிவிட்டாள். இன்னும் கேட்காத ஆள் பாக்கியிருந்தால் தேடிப் போய்ச் சொல்லுவாள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்த முதல் நடையை நான் இன்றுவரை பார்த்ததில்லை. பார்க்க ஆசைதான், அவளிடம் போவதைப் பார்க்கத்தான் மனசு வரவில்லை.

ஒரு விடுமுறை நாளில் பெட்டியைத் திறந்தேன். ரப்பர் பெல்ட் உருகி, சக்கரத்தில் தார் மாதிரி அப்பியிருந்தது. நாத்தனார் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"பார்த்தும்மா. அவர் இருந்தப்ப பூ மாதிரி வெச்சிருந்தார்."

"பூவா? சொரண்டச் சொரண்ட வருது அண்ணி."

சுரண்டி எடுத்துவிட்டு, தையல் மெஷின் மோட்டாருக்குப் போடும் பெல்ட் ஒன்றை மாட்டினேன். அளவெடுத்துத் தைத்த சட்டை போல உட்கார்ந்தது. இறுகிக் கிடந்த கிரீஸைத் துடைத்துவிட்டு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். பிலிம் போகிற சந்தில் சேர்ந்திருந்த அழுக்கைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு எடுத்தேன். உள்ளே பார்த்தால் இதுவும் தையல் மெஷின் ஜாதிதான். அங்கே பல் துணியைத் தள்ளிவிடும், இங்கே ஒரு சின்ன நகம் பிலிமை இழுத்து நிறுத்தி, இழுத்து நிறுத்தி அனுப்பும்.

ஓட்டிப் பார்த்தபோது சுவரில் ஒரே நடுக்கம், ஒன்றும் தெரியவில்லை. உடனே நிறுத்தினேன். சந்துக்கு மேலேயும் கீழேயும் பிலிம் கொஞ்சம் தொய்ந்து நிற்க வேண்டும், அப்போதுதான் நகம் இழுக்கும்போது விட்டுக்கொடுக்கும். தொய்வு குறைந்தால் படம் ஆடும். சுத்தமாக இறுகிவிட்டால் இத்தனை பழைய பிலிம் படக்கென்று கிழியும்.

கிழிந்தால்தான் என்ன? பழசு, கிழிந்துவிட்டது. யார் என்னைக் கேட்கப் போகிறார்கள்? பிலிமை விரலில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"என்னம்மா, முடியலையா?" என்றாள் நாத்தனார்.

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. மற்ற எதில் அவள் முந்திக்கொண்டாலும் என் தொழிலில் என்னை முடியாதவள் என்று சொல்ல விடுவேனா? சரியான அளவுக்குத் தொய்வு விட்டு மாட்டினேன். மகள் ஜன்னல்களில் போர்வை தொங்கவிட்டாள்.

படம் அசையாமல் நின்றது. சுவரின் ஒரு ஓரத்தில் என் குழந்தை நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறு ஓரத்தில் நாத்தனார், என் மகளின் இப்போதைய வயதில், குத்துக்காலிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. குழந்தை நாற்காலியை விட்டாள். ஒரு அடி. தள்ளாடினாள், நின்றாள், யோசித்தாள், இன்னொரு அடி. அப்புறம் ஒரே ஓட்டமாகப் போய் அந்த மடியில் விழுந்தாள்.

என்ன அழகு! பெற்றவள் நான் இப்போதுதான் பார்க்கிறேன். பக்கத்தில் திரும்பினால், என் மகள் நாத்தனாரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பாடுபட்டு மெஷினைச் சரி செய்த என் கை இங்கே சும்மாதான் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

படத்தைப் பின்னோக்கி ஓட்ட அதில் ஒரு விசை இருந்தது. தள்ளினேன். குழந்தை மடியிலிருந்து எழுந்து, அவளைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் அடிவைத்துப் போனாள். விரித்த கையோடு நாத்தனார் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அவளைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

"பாருங்க அண்ணி, உங்கள விட்டுட்டுப் போறா!"

நாத்தனார் சிரிக்கவில்லை.

"ஆமாம்மா. நீ வந்து கூட்டிட்டுப் போன அன்னிக்கும் இப்பிடித்தான் போனா. காலு உன்கூட, மொகம் என் பக்கம். இத நான் ஏற்கெனவே ஒரு தடவ பார்த்துட்டேன்."

மகளின் சிரிப்பு நின்றுபோனது. எனக்கு வயிறு அப்போதும் எரியத்தான் செய்தது. விசையை முன்பக்கம் தள்ளினேன். என் மகள் மறுபடியும் அவளிடம் நடந்து போனாள்.