மூன்றாவது நாடா

என் நண்பன் செத்து இன்றோடு பதினோரு நாள். ‘காலமானார்’, ‘இயற்கை எய்தினார்’ என்றெல்லாம் எழுதினால் அவனே எழுந்து வந்து கிண்டலடிப்பான். அவன் விமானப்படை விமானி. நான் அவன் விமானத்தைத் துடைத்து, திருகி, எண்ணெய் போட்டு அனுப்பிய மெக்கானிக். பதவியில் எனக்கும் அவனுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆட்கள் முன்னால் ‘சார்’ போடுவேன், தனியாக இருந்தால் ‘டேய்’. ஓய்வு பெற்ற பிறகு அவன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி நானும் வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன். அத்தோடு அந்த ‘சார்’ ஒழிந்தது.

என்னை ‘எண்ணெய்’ என்றுதான் கூப்பிடுவான். கறை இல்லாத சட்டையில் என்னைப் பார்த்ததே இல்லையாம். அவனுக்குப் படையில் வைத்த பெயர் ‘உறை’. அந்தப் பெயர் எப்படியோ படையை விட்டு வெளியே வந்து, தெருவில் நுழைந்து, வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. மருந்துக்கடைக்காரர்கூட ‘உறை சார்’ என்பார். அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பிப் பார்ப்பான்.

பஸ்ஸில் ஏறினால் டிரைவரைப் பரீட்சை பண்ணாமல் இருக்க மாட்டான். “இவன் பிரேக் போடறதைப் பாரு, ஓடுதளம் முடிஞ்சதுக்கப்புறம் போடறான்” என்று சத்தமாகவே சொல்வான். கேரம் ஆடத் தெரியாது, தோற்கவும் தெரியாது. எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது ஆறு வாரம் தினமும் வந்து பேப்பர் வாசித்துக் காட்டினான். நடுநடுவே இல்லாத செய்தியையும் சேர்த்துவிடுவான். காணாமல்போன யானை ஒன்று ஐந்து நாள் கழித்து நூலகத்தில் கிடைத்தது என்று அவன் வாசித்ததை நம்பி, நான் என் மருமகளிடம் வேறு சொல்லித் தொலைத்தேன். அவன் இல்லாத இந்தப் பதினோரு நாளும் பேப்பரைப் பிரிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முன்னாள் படைவீரர் சங்கத்து மண்டபத்தில் அவனுக்கு நினைவுக் கூட்டம். அது விஷயமாக நேற்றுக் காலை அவன் மகள் என்னை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். இரண்டாவது மாடி. படியேறி மூச்சு வாங்க உட்கார்ந்ததும் செல்போனை என் முன்னால் நீட்டினாள்.

“சித்தப்பா, பேனர் இப்படித்தான் வருது. பிரிண்டுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க.”

படத்தில் ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு நின்றான். நாற்பது வயது இருக்கும், முடியெல்லாம் கறுப்பு. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ‘உறை’ என்று போட்டிருந்தார்கள். நிஜப்பெயர் அதற்கும் கீழே, பொடி எழுத்தில்.

“அந்தப் பேரை எடுத்துடும்மா” என்றேன்.

“எந்தப் பேரை?”

“பெருசா போட்டிருக்கியே, அதை.”

“என்ன சித்தப்பா நீங்க! நிஜப்பேரை மட்டும் போட்டா வர்றவங்கள்ல பாதிப்பேர் யார் கூட்டம்னு தெரியாம திரும்பிப் போயிடுவாங்க. அப்பாவுக்கே அந்தப் பேர்தானே பிடிக்கும்? இன்னொண்ணு, அந்தக் கதையை மேடையில நீங்கதான் சொல்றீங்க. அன்னைக்கு அங்க இருந்தவங்கள்ல இப்ப உசுரோட இருக்கறது நீங்க ஒருத்தர்தான். அப்பா சொல்ற மாதிரியே சொல்லணும். அழுது வடியாம அனுப்பி வைக்கணும்னு அம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க.”

அந்தக் கதையை அவன் சொல்லி நூறு தடவை கேட்டிருக்கிறேன். நூறு தடவையும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். சொரணை கெட்ட ஜென்மம்.

கதை இதுதான். விமானம் தரையில் நிற்கும்போது தூசி, பூச்சி, மழைத்தண்ணீர் போகாமலிருக்க அதன் வாய்களையெல்லாம் உறை போட்டு மூடிவைப்போம். எங்கள் விமானத்துக்கு மூன்று உறை. இரண்டு எஞ்சினுக்கும் ஒவ்வொன்று, வேகத்தை அளக்கிற மெல்லிய குழாய்க்குக் காலுறை மாதிரி ஒன்று. எடுக்க மறக்கக்கூடாது என்பதற்காக ஒவ்வொன்றிலும் நீளமாகச் சிவப்பு நாடா தொங்கும். கிளம்புவதற்கு முன் விமானி ஒருமுறை சுற்றிவந்து பார்ப்பார். அவசரப் பயணம் என்றால் அதற்கும் நேரம் இருக்காது. மெக்கானிக் உறைகளைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, நாடாக்களை மட்டும் கையில் தூக்கிக் காட்டுவான். விமானி ஜன்னல் வழியாக எண்ணிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்துவார். மூன்று நாடா என்றால் கிளம்பலாம்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், கொட்டுகிற மழையில், மலைக்கு அந்தப்பக்கம் மாட்டிக்கொண்ட ஆட்களுக்கு மருந்து கொண்டுபோக அவன் கிளம்பினான். குழாயின் உறையை எடுக்கவில்லை. விமானம் ஓட ஆரம்பித்தபிறகுதான் வேகம் காட்டும் முள் செத்துக் கிடப்பதைப் பார்த்தான். ஈரத் தரையில் இனி நிறுத்த முடியாது என்ற கட்டத்துக்கு வந்திருந்தான். மேலே ஏற்றி, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே வேகத்தைக் கணித்து, ஒரு வட்டம் அடித்து இறக்கினான். முன்சக்கரம் முறிந்து சேற்றில் போய் நின்றது. துணை விமானிக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது, வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. அந்த மழையில் அதை இறக்க அவனைத் தவிர வேறு எவனாலும் முடிந்திருக்காது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன்.

விசாரணையில் அவன் சொன்னது: “மெக்கானிக் ரெண்டு நாடாதான் காட்டினான். மூணாவது இன்னும் இருக்கு, நில்லுங்கன்னு கையைக் காட்டினான். நான்தான் அவசரத்துல கவனிக்காம கிளம்பிட்டேன்.”

அவனை இரண்டு வருடம் மேசை வேலையில் உட்கார வைத்தார்கள். பிறகு பறக்க விட்டார்கள், ஆனால் ஸ்குவாட்ரன் என்கிற விமானப் பிரிவுக்குத் தலைமை கடைசிவரை கொடுக்கவில்லை. அவனுக்குக் கீழே வேலை கற்றவர்களெல்லாம் மேலே போனார்கள். அவனுக்கு ‘உறை’ என்ற பெயர்தான் மிச்சம்.

நடந்தது அதுவல்ல. நான் மூன்று நாடா காட்டினேன். மழையில் எதிலோ கால் தடுக்க, குனிந்து பார்த்தால் ஒரு எஞ்சின் உறை கிடந்தது. நனைகிறதே என்று எடுத்து அக்குளில் செருகிக்கொண்டேன். அது பக்கத்து விமானத்தினுடையது. பிறகு எங்கள் எஞ்சின் உறைகள் இரண்டையும் கழற்றினேன். கையில் மூன்று நாடா இருந்தது, மூன்றும் சரி என்று தூக்கிக் காட்டிவிட்டேன். அவன் ஒழுங்காக எண்ணினான். ஒழுங்காகக் கட்டைவிரலை உயர்த்தினான். அவன் பக்கம் எள்ளளவும் தப்பில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் சீட்டுக்கு அடியில் ஸ்பேனரை மறந்து வைத்து எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தேன். இரண்டாவது தப்பு என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். விசாரணை அதிகாரி என்னைப் பார்த்து, “அவர் சொல்றது சரியா?” என்று கேட்டார். “ஆமா சார்” என்றேன். வாய் கூசவில்லை. வெளியே வந்து அவன் கையைப் பிடித்தபோது உதறிவிட்டான். “வாயை மூடிட்டுப் போடா எண்ணெய். போய்ப் புள்ளைய ஒழுங்கா வளர்க்கற வழியைப் பாரு” என்றான். பிறகு எப்போது அந்தப் பேச்சை எடுத்தாலும் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவான். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. இப்போது யோக்கியன் மாதிரி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

“சித்தப்பா? என்ன ஆச்சு?” என்றாள் மகள்.

“அம்மா எங்கம்மா?”

உள்ளறையில் அண்ணி கட்டிலில் அவன் சட்டைகளைப் பரப்பி மடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னாலேயே மகளும் வந்து நின்றாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லாமலே எழுந்துபோய்விடுவேன் என்று தெரியும்.

“அண்ணி, அந்த உறையை மறந்தது அவன் இல்ல. நான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து விமானத்து உறை, நாடா, விசாரணை, எதையும் விடவில்லை. மகள் நடுவில் “சித்தப்பா!” என்று ஒருமுறை கத்தினாள். அண்ணி கை நிற்கவேயில்லை. ஒரு சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“மூணுதான் எண்ணினாரா?” என்று கேட்டார்.

“மூணுதான் அண்ணி. சரியா எண்ணினான்.”

“உங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னாரா?”

“ஆமா.”

“எங்கிட்டக்கூடச் சொல்லலையே தம்பி.”

“உங்ககிட்ட சொன்னா நீங்க சும்மா இருக்க மாட்டீங்க, பெரிய அதிகாரி வீட்டு வாசல்ல போய் நிப்பீங்கன்னு அவனுக்குத் தெரியும்.”

“நின்னிருப்பேன்” என்றார். “கண்டிப்பா நின்னிருப்பேன்.”

மகள் செல்போனில் பேனரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அழ ஆரம்பித்தாள். அண்ணி அவளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“அந்த விபத்துக்கப்புறம் அவர் செஞ்ச எந்த வேலையையும் நான் நம்பினதில்ல தம்பி. அடுப்பு கேஸை மூடிட்டேன்னு சொல்வாரு. நான் எந்திரிச்சுப் போய்ப் பாப்பேன். மாத்திரை போட்டுட்டேன்னு சொல்வாரு. அட்டையை எடுத்து எண்ணுவேன். அவர் எதிர்லயே எண்ணுவேன். ‘விமானத்துல உறையை விட்ட ஆளுதானே நீங்க’ன்னு சொல்வேன். சிரிச்சுக்கிட்டு நிப்பாரு. ஒரு நாளாவது தப்பு பண்ணியிருப்பாரான்னு இப்ப யோசிச்சுப் பாக்கறேன். ஒண்ணுகூட ஞாபகம் வரல.”

அண்ணி இன்னொரு சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

“அவர் போன அன்னைக்கு ஆஸ்பத்திரியில மத்தியானம் நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாரு. வீட்டைப் பூட்டினீங்களான்னு கேட்டேன். ஆம்புலன்ஸ் வந்த அவசரத்துல, ஸ்ட்ரெச்சர் வேண்டாம்னு நடந்தே கடைசியா வெளிய வந்தது அவருதான். பூட்டிட்டேன், நீ இங்கேயே உக்காருன்னாரு. கையைப் பிடிச்சு ரெண்டு தடவை சொன்னாரு. நான் கேக்கல. உங்களை நம்பி ஒரு வீட்டை விட முடியுமான்னு சொல்லிட்டு ஆட்டோ பிடிச்சு வந்துட்டேன். மாத்துத்துணி எடுக்கப் போனேன்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னேனே, துணி எடுக்க இல்ல தம்பி, பூட்டைப் பாக்கத்தான் வந்தேன். பூட்டித்தான் இருந்துச்சு. இழுத்து இழுத்துப் பாத்தேன். திரும்பிப் போறதுக்குள்ள முகத்தை மூடிட்டாங்க.”

தண்ணீரோடு வந்த மகள் வெளியே கதவைத் தட்டினாள். அண்ணி எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த சட்டையை நீவிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா அவர் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்” என்றார்.